முள்ளியவளைக் களத்தில் ஒரு வறுமைப் பேச்சு

முள்ளியவளைக்கு எப்படிப் போவது என்று போன மாதம் மூன்று பேர் கேட்டு எழுதியிருந்தார்கள். பஸ் நேரமும் சாப்பாட்டுக்கடையும் எழுதுகிற கிழவன் என்று என்னைப் பற்றி நினைத்திருக்கிறார்கள். சரியாகத்தான் நினைத்திருக்கிறார்கள். ஆனால் நான் அங்கே முதன்முதலாகப் போனது ஐம்பதுகளின் பின்பாதியில், ஒரு மாசி மாதம். கொழும்பில் டிராம் தண்டவாளங்களைக் கிளப்பிக்கொண்டிருந்த காலம். எனக்கு இருபது வயது. ஊர் பார்க்கப் போகவில்லை, நெல் கேட்கப் போனோம். அந்த வழியெல்லாம் இப்போது எவ்வளவோ மாறிவிட்டது. அந்த மாற்றத்தை எழுத இந்தப் பதிவு போதாது, எனக்கு மனமும் இல்லை. அன்றைக்கு இருந்தபடியே சொல்கிறேன்.

நாங்கள் இருந்தது கொழும்பு முகத்துவாரத்தில் ஒரு தோட்டம். வெளியூர்க்காரர் ஏமாந்துவிடக்கூடாது. கொழும்பில் நெருக்கியடித்துக் கட்டிய ஓரறை வீட்டு வரிசைகளுக்குத்தான் தோட்டம் என்று பெயர். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, எல்லாக் குடும்பத்துக்கும் சேர்த்து இரண்டு தண்ணீர்ப் பைப். அங்கே முளைத்த ஒரே செடி பைப்படியில் தானாக வந்த பப்பாசி. அதுவும் ஆண் மரம்.

இந்தத் தோட்டத்தின் வறுமையை ஒழிப்பதற்காக நாங்கள் ஒரு வாலிபர் சங்கம் வைத்திருந்தோம். மொத்தம் பதினொரு பேர். அதில் ஒன்பது பேர் நிர்வாகிகள். சங்கம் நடத்துவதில் உள்ள கஷ்டம் நடத்தினவனுக்குத்தான் தெரியும். வேலையில்லாதவர்களுக்கு வேலை தேடிக் கொடுப்பது எங்கள் முதல் நோக்கம். ஆனால் வேலை கிடைத்த அன்றைக்கே அந்த ஆள் சங்கத்தை விட்டுவிடுவான். எங்கள் வெற்றிகள் எல்லாம் வெளியே போய்விட, தோல்விகள் மட்டும் கமிட்டியில் உட்கார்ந்திருந்தோம். பெயர்ப்பலகைக்கு இலவசமாகச் சாயம் பூசித் தருகிறோம் என்று இரண்டு கட்சிக்காரர்கள் வந்தார்கள், அவரவர் கட்சிச் சாயம்தான். இரண்டையும் மறுத்ததால் கடைசிவரை எங்கள் பலகை வெறும் பலகையாகவே தொங்கியது. கூடிப் பேச இடமில்லாமல் சலூனில் கூடுவோம். ஆள் முடிவெட்ட வந்தால் கூட்டத்தை நிறுத்திவிட்டு எழுந்து கதிரை கொடுக்க வேண்டும்.

சங்கம் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் காலைக் கஞ்சி. தோட்டத்துப் பிள்ளைகள் முப்பத்து நான்கு பேருக்குத் தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் கஞ்சி. றோசக்கா என்று எல்லோரும் கூப்பிடுகிற அம்மாள் தன் குசினியில் ஒரு பெரிய பானையில் காய்ச்சித் தருவாள். கஞ்சி உள்ள நாட்களில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். கஞ்சி இல்லாத நாட்களில் துறைமுக வாசலுக்குப் போய், லொறியிலிருந்து சிந்திய அரிசியையும் கோதுமை மாவையும் பொறுக்கினார்கள். மாதம் ஒரு மூட்டை அரிசி தந்துகொண்டிருந்த கடைக்காரர் அந்தத் தை மாதம் கடையை விற்றுவிட்டு இந்தியாவுக்குப் போய்விட்டார்.

றோசக்கா எங்களைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் அரிசி இருக்கு. திங்கக்கிழமை நான் பானையைக் கவுத்து வச்சிருவேன். பிள்ளைங்க வந்து கேட்டா நீங்க பதில் சொல்லுங்க."

அன்றைய அவசரக் கூட்டத்தில் சபீக் எழுந்தான். அவனுடைய தாய்மாமா காசிம் முள்ளியவளைக்கு ஒட்டினாற்போல் தண்ணீரூற்றில் கடை வைத்திருந்தார். "மாசியில அங்க சூடு மிதிக்கிறாங்க, அறுத்த கதிரை மாடு விட்டு மிதிச்சு நெல்லு எடுக்கிறது. களத்துக்கு வந்து கேட்டவனை வெறுங்கையோட அனுப்ப மாட்டாங்களாம், மாமா சொல்லியிருக்காரு" என்றான். பிரேரிக்கப்பட்டது, வழிமொழியப்பட்டது, ஏகமனதாக நிறைவேறியது. போக்குவரத்துச் செலவுக்குச் சங்கத்தின் ஒரே அசையும் சொத்தான கரம் போர்டை விற்றோம். போகத் தெரிவானவர்கள் மூன்று பேர். மாமா வீட்டைக் காட்டச் சபீக். கூட்டக் குறிப்பு எழுத உதவிச் செயலாளர் நான். பேசச் செயலாளர் அருளப்பன்.

அருளப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆள் ஒல்லி, குரல் மட்டும் இரண்டு ஆளுக்குக் காணும். வறுமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சலூன் கண்ணாடி அதிரும். அவன் அப்பாவுக்குச் சொந்தமான வெள்ளைக் கால்சட்டையும், உள்ளே பத்திரிகைத்தாள் அடைத்த சப்பாத்தும் போட்டுக்கொண்டுதான் மேடை ஏறுவான். தோட்டத்துப் பெரியவர்கள் எங்களை வாய்ச்சங்கம் என்று கேலி செய்ததற்கு முக்கால் காரணம் அவன்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் கோட்டையில் ரயில் ஏறினோம். மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு ஐந்து ரூபாய் அறுபது சதம். வவுனியாவுக்கு நூற்றைம்பத்தெட்டு மைல். பதினொன்றரைக்கு இறங்கி, சந்தையடியில் ஆளுக்கு ஒரு பிளேன்ரீயும் இரண்டு வடையும் முப்பது சதத்துக்கு முடித்துக்கொண்டு, பன்னிரண்டேகாலுக்கு முல்லைத்தீவு பஸ்ஸைப் பிடித்தோம். கண்டி வீதியால் பன்னிரண்டு மைல் போனால் புளியங்குளம் சந்தி. அங்கே வலப்பக்கம் திரும்பி நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் வழியாகப் போக வேண்டும். இந்தத் துண்டு முப்பது மைலுக்குச் சற்று மேல். இதற்கு மூன்றரை மணித்தியாலம் எடுத்தது, ஏனென்றால் நெடுங்கேணியில் சாரதி பஸ்ஸை நிறுத்திவிட்டு ஒரு வீட்டுக்குள் போனார்.

"எங்க போறாரு?" என்று கொண்டக்டரைக் கேட்டேன்.

"மாமியார் வீடு. பெண்சாதி ஒரு கோழி குடுத்து விட்டவ. குடுத்திட்டு வருவார்" என்றார் கொண்டக்டர்.

"எவ்வளவு நேரம்?"

"கோழிக்கு நேரமில்லைத் தம்பி. மாமியாரின்ரை கதைக்குத்தான் நேரம்."

அந்த முக்கால் மணி நேரத்தை அருளப்பன் வீணாக்கவில்லை. பஸ்ஸின் நடுவில் நின்று கையை ஆட்டித் தன் பேச்சை ஒத்திகை பார்த்தான். முன் சீற்றிலிருந்த ஓர் அம்மா கொஞ்ச நேரம் கவனமாகக் கேட்டுவிட்டு, "தம்பி என்ன சின்னத்திலை நிக்கிறியள்?" என்று விசாரித்தார். தேர்தல் இல்லை அம்மா, ஏழைப் பிள்ளைகளுக்காக என்று நான் விளக்கினேன். "எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுறவை" என்றார் அவர்.

நாலரைக்குத் தண்ணீரூற்றில் இறங்கினோம். காசிம் மாமா சாக்கு, எண்ணெய், கயிறு, சவர்க்காரம் எல்லாம் ஒரே கடையில் விற்கிற பெரிய மனிதர். கிணற்றடியில் குளிக்க விட்டு, சோறும் மீன் குழம்பும் போட்டு, இரண்டு வெற்றுச் சாக்கும் இலவசமாகத் தந்தார். "கந்தப்பரிட்டை போங்க. நல்ல மனுசன், என்ர பேரைச் சொல்லுங்க. ஆனா களத்தில கதையைக் குறைச்சுக்கங்க மகன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார். இதை அருளப்பன் ஒரு பேச்சாளனுக்குச் செய்த அவமானமாக எடுத்துக்கொண்டான். மாமா காரணத்தைச் சொல்ல வாயெடுத்தபோது, அவருக்கு எங்கள் சங்க விதிமுறைகளின் ஏழாம் பிரிவை விளக்க ஆரம்பித்தான். மாமா கொட்டாவி விட்டுப் படுக்கப் போய்விட்டார். விடியற்காலை வண்டி கட்டிக்கொண்டு முல்லைத்தீவுக்குச் சரக்கெடுக்கவும் போய்விட்டார்.

புதன்கிழமை காலை ஏழரைக்கு ஒன்றரை மைல் நடந்து கந்தப்பரின் களத்துக்குப் போனோம். வயலின் நடுவில் வட்டமாகச் செதுக்கி மெழுகிய தரை. மாடுகள் மிதித்து முடித்து ஒரு பக்கம் நின்றன. நடுவில் தூற்றிய நெல் குவியலாகக் கிடந்தது, அவ்வளவு நெல்லை நான் அதற்குமுன் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் மெதுவாக, அளந்து பேசினார்கள். குவியலுக்கு முன்னால் மரைக்கால் என்கிற அளவு மரப்பாத்திரத்தோடு நின்ற உயரமான மனிதர்தான் கந்தப்பர்.

அவர் எங்களை நிமிர்ந்து பார்ப்பதற்குள் அருளப்பன் சப்பாத்துக் காலோடு களத்துக்குள் ஏறி, நெற்குவியலுக்குப் பக்கத்தில் நின்று கையை உயர்த்திவிட்டான்.

"பெரியோர்களே! வறுமை! வறுமை! வறுமை!"

மூன்றாவது வறுமைக்குச் சுளகு வைத்திருந்தவர் சுளகைக் கீழே போட்டார்.

"எங்கள் முகத்துவாரத்தில் பிள்ளைகளுக்குச் சோறு இல்லை! கஞ்சி இல்லை! பானை வெறும் பானை! பசி, பட்டினி, பஞ்சம்!"

"பொலி! பொலி!" என்று ஒரு கிழவர் பதறிக் கத்தினார். உடனே மற்றவர்களும் "பொலி! பொலி! பொலி!" என்று சேர்ந்தார்கள். கந்தப்பர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு "பொலி!" என்று எல்லோரையும்விடப் பலமாகக் கத்தினார்.

எந்த மேடையிலும் அருளப்பனுக்கு இப்படி ஒரு வரவேற்புக் கிடைத்ததில்லை. அதைக் கைதட்டல் என்று நினைத்துவிட்டான். நானும்தான் நினைத்தேன். அவன் முகம் மலர்ந்து, குரலை இன்னொரு படி ஏற்றி, "அரிசி முடிந்துவிட்டது! எல்லாம் அழிந்துவிட்டது! நாளைக்கு எங்களிடம் ஒரு மணி நெல் இல்லை!" என்று முழங்கினான். அதோடு இரண்டு பேர் வந்து அவனைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி வரப்புக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தார்கள். சபீக்கும் நானும் யாரும் தூக்குமுன் நாங்களாகவே இறங்கிப் போனோம்.

கந்தப்பர் பின்னாலேயே வந்தார். வரும்போதே இரண்டு தரம் நெற்குவியலைத் திரும்பிப் பார்த்தார். கோபத்தில் என்று நினைத்தேன். பயத்திலும்தான் என்று பிறகு விளங்கியது.

"எங்கையிருந்தடா வந்தனீங்கள்? களத்திலை நிண்டு கதைக்கிற கதையோ இது? குறைச்சல் சொல் ஒண்டும் அதிலை சொல்லப்படாது. இல்லை எண்டு சொல்லப்படாது. முடிஞ்சுது எண்டு சொல்லப்படாது. போதும் எண்டுகூடச் சொல்லப்படாது. சொன்னால் நெல்லுக் குறைஞ்சுபோம். அதுக்குத்தான் நாங்கள் பொலி, பொலி எண்டு, பெருகட்டும் பெருகட்டும் எண்டு கத்தினது. நாலு மாசம் காட்டுப் பண்டிக்கும் யானைக்கும் காவல் இருந்து எடுத்த நெல்லு. நீ ரெண்டு நிமிசத்திலை வந்து..." மேலே சொல்ல முடியாமல் கையால் காற்றைத் துடைத்துக் காட்டினார். வரப்புக்கு வெளியிலும் அந்தச் சொற்களைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

நெல் அளப்பது நின்றுபோயிற்று. களத்தை மறுபடி மெழுகி, தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்திய பிறகுதான் இனி அளக்கலாம். அதற்குப் பின்னேரமாகும். காசிம் மாமாவின் பெயரைச் சபீக் மெல்லச் சொன்னான். கந்தப்பர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "காசிமின்ரை மருமோனோ நீ? அதாலை தப்பினியள். பின்னேரம் வரட்டும். கெடுத்தவனே களத்திலை ஏறி நல்ல சொல்லாலை கேக்கட்டும். ஒரு குறைச்சல் சொல் வந்துதோ, வந்த வழியாலை போகலாம். அதுவரைக்கும் சும்மா நிக்காமல் வைக்கோலைத் தூக்குங்கோ."

வைக்கோல் தூக்கினோம். உடம்பெல்லாம் அரிப்பு. பதினொரு மணிக்கு ஒரு மருத மரத்தடியில் உட்கார்ந்து சங்கத்தின் விசேட கூட்டத்தைக் கூட்டினோம். பேச்சைத் திருத்துவது பற்றி ஒரே தீர்மானம். நான் பென்சிலை எடுத்து, நான்கு பக்கப் பேச்சில் குறைச்சல் சொல் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனேன். அடித்து முடிந்தபோது "பெரியோர்களே", "முகத்துவாரத்தில்", "நன்றி" என்ற மூன்றும்தான் எஞ்சின. அருளப்பன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து வருஷமாக வறுமையைப் பற்றிப் பேசியவனுக்கு வேறு பேச்சுத் தெரியாது. திங்கட்கிழமை பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது என்று சபீக் கேட்டான். எனக்கு அழுகை வந்தது, வைக்கோல் தூசி என்று சமாளித்தேன்.

போக நினைப்பவர்களுக்கான விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னேரத்துக் கதையைச் சொன்ன பிறகு டிக்கெட் விலை எழுத எனக்கு மனம் வராது. திரும்பும் பஸ் அப்போது தண்ணீரூற்றில் காலை ஆறேமுக்காலுக்கு. வவுனியா வரை ஆளுக்கு ஒரு ரூபாய் நாற்பது சதம், மூட்டைக்கு இருபத்தைந்து சதம், கோழிக்கு இலவசம். மாசியில் பகலில் வெயில், விடியற்காலையில் பனி, ஒரு போர்வை எடுத்துப் போங்கள். கிணற்றுத் தண்ணீர் நல்லது. களத்துப் பக்கம் போனால் செருப்பை வரப்பிலேயே கழற்றுங்கள். பேசத் தெரியாதவர்களைக் கூட்டிப்போவது உத்தமம். முகத்துவாரம் மாதிரி இடத்தில் சங்கம் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கும் ஒன்று: கேட்கப் போகும் ஊரில் என்ன சொல்லக்கூடாது என்பதை முதலில் கேளுங்கள், விதிமுறைகளின் ஏழாம் பிரிவை அப்புறம் விளக்கலாம்.

பின்னேரம் மூன்றரைக்குக் கூப்பிட்டார்கள். அருளப்பன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினான். வெறுங்காலில் இன்னும் ஒல்லியாகத் தெரிந்தான். "பெரியோர்களே" என்றான். நின்றான். தொண்டையைச் செருமினான். ஒரு கிழவர் முன்னெச்சரிக்கையாகப் "பொலி" என்று முணுமுணுத்தார்.

"முகத்துவாரத்தில..." என்றான், இந்த முறை மேடைக் குரல் இல்லாமல். "முகத்துவாரத்தில எங்க தோட்டத்தில முப்பத்தி நாலு பிள்ளைங்க இருக்காங்க. எல்லாருக்கும் நல்ல பல்லு. கல்லைக் குடுத்தாலும் கடிச்சிருவாங்க. காலையில ஆறு மணிக்கே கோப்பையோட வந்து வரிசையில நிப்பாங்க. றோசக்கான்னு ஒரு அக்கா இருக்காங்க. அவங்க பானை பெரிய பானை. அந்தப் பானையில... இப்ப இடம் நிறைய இருக்கு, ஐயா."

அவ்வளவுதான். நன்றியைச் சொல்ல மறந்துவிட்டான்.

கந்தப்பர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, "பானை எவ்வளவு பெரிசு?" என்று கேட்டார். அருளப்பன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். அவர் குனிந்து முதல் மரைக்காலை அள்ளி, "லாபம்" என்று சொல்லிச் சாக்கில் கொட்டினார். அங்கே ஒன்று என்று எண்ணத் தொடங்குவதில்லை, லாபம் என்றுதான் தொடங்குவார்கள். பிறகு இரண்டு, மூன்று என்று போனது.

முதல் சாக்கு வாய்வரை வந்தது. சபீக் இரண்டாவதை விரித்தான். அதுவும் வாய்வரை வந்தது. கந்தப்பர் அள்ளிய கையோடு எங்களைப் பார்த்தார். இல்லை, முடிந்தது, போதும் எதுவும் சொல்லக்கூடாது என்று காலையில்தான் பாடம் படித்திருந்தோம். மூன்று பேரும் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றோம். நெல் சாக்கின் விளிம்பால் வழியத் தொடங்கியது. அருளப்பன் வைக்கோற்போருக்குப் பின்னால் ஓடினான். சபீக்கின் மாற்றுச் சாரத்தைக் கட்டிக்கொண்டு, வெள்ளைக் கால்சட்டையின் இரண்டு காலையும் நுனியில் கயிற்றால் முடிந்து கொண்டுவந்து நீட்டினான். களத்தில் எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். கந்தப்பரும் சிரித்துக்கொண்டே இரண்டு காலையும் தொடைவரை நிரப்பி, இடுப்புவரை ஏற்றினார். கால்சட்டை தானாகவே எழுந்து நிற்கும் போலிருந்தது.

"தம்பி, நிறைஞ்சுது எண்டு சொல்லுமன்" என்றார் மூச்சு வாங்க. "அதுதான் களத்திலை சொல்லுற சொல். வாங்கிறவன் அதைச் சொல்லுமட்டும் நான் நிப்பாட்டேலாது. ஏன் வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறீர்?"

அருளப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. "தெரியாதுங்க ஐயா" என்றான். "அந்தச் சொல்லை எங்க தோட்டத்தில யாரும் சொல்லிக் கேட்டதில்லை."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். இல்லை என்று வாயிலிருந்து விழுந்துவிட்டது, நெற்குவியலுக்கு நேரே. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு பேர் வந்து தூக்குவார்கள், பொலி பொலி என்று கத்துவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் கத்தவில்லை. கண்ணைத் திறந்தபோது கந்தப்பர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து இன்னொரு மரைக்கால் அள்ளினார். கால்சட்டையில் இடமில்லை. நான் என் சட்டையைக் கழற்றி விரித்தேன்.

வெள்ளிக்கிழமை கொழும்பு வந்து, சனிக்கிழமை ஒரு மில்லில் நெல்லைக் குற்றி, திங்கட்கிழமை காலை றோசக்கா பானையை அடுப்பில் ஏற்றினாள். அந்த அரிசி பங்குனி முடியும்வரை வந்தது. அதற்குப் பிறகு மறுபடியும் ஓட வேண்டியிருந்தது, வருஷா வருஷம் ஓடினோம். வறுமையை எங்கள் சங்கம் ஒழித்ததா என்று கேட்டு யாரும் எழுத வேண்டாம். அந்தத் திங்கட்கிழமை மட்டும் நடந்ததைச் சொல்கிறேன். அருளப்பன் சாரத்தோடு வரிசையின் முன்னால் நின்று, குடித்து முடிந்தவர்கள் நிறைஞ்சுது என்று சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் பேச்சுப் பேசினான். பிள்ளைகள் கவனமாகக் கேட்டார்கள். கஞ்சியைக் குடித்தார்கள். முப்பத்து நான்கு பேரில் ஒருவரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை, கோப்பையைத்தான் மறுபடி நீட்டினார்கள். றோசக்கா ஊற்றிக்கொண்டே இருந்தாள்.